தூக்கத்தில் கை மரத்துப்போனால்: விரல்களை வைத்துக் காரணத்தைத் தேடும் முறை

விடியற்காலை மூன்று மணிக்கு வலது கை கட்டைபோல் கிடக்க, இடது கையால் அதைத் தூக்கி உதறிக்கொண்டே, பக்கவாதம்தான் வந்துவிட்டதோ என்று பயந்து மூன்று வாரங்களை வீணடித்தவன் நான்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முகம் ஒருபுறம் கோணியிருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரென்று வலுவிழந்தாலோ மேற்கொண்டு படிக்காமல் 108-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்டவர் இரவு எத்தனை மணி வரை நலமாக இருந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளையின் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த நேரக்கணக்கு முக்கியம். உதறியதும் சில நிமிடங்களில் உணர்வு திரும்பும் மரப்பு பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால் வருவது.

அடுத்து, எந்த விரல் என்று பாருங்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கையை வைத்து வரைந்து, தலையணைக்கருகே பென்சிலுடன் வைத்துக்கொண்டு, விழித்தவுடன் மரத்த இடத்தை நிழலிட்டேன். 'கை முழுவதும்' என்று நான் நம்பியிருந்தது, ஐந்தாம் நாள் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி என்று சுருங்கியிருந்தது. அது மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தும் கார்பல் டனல் நோயின் அடையாளம். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால், முழங்கையில் அல்னார் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மணிக்கட்டு மடங்காமலிருக்க இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை. நான் இடறி விழுந்த இடம் இதுதான். மருந்துக்கடையில் வாங்கிய பட்டையை இறுகக் கட்டிப் படுத்தும் இரண்டு வாரம் பலனில்லை. பிறகுதான் உறையைப் பிரித்து உள்ளே இருந்த அலுமினியத் தகட்டை உருவிப் பார்த்தேன். அது மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கும்படி வளைந்திருந்தது. மணிக்கட்டு முன்னே மடங்கினாலும் பின்னே மடங்கினாலும் மீடியன் நரம்பு செல்லும் குறுகிய பாதையில் அழுத்தம் கூடும் என்பதால், தகட்டை மேசை விளிம்பில் அழுத்தி நேராக்கிச் செருகினேன். அந்த வாரமே இடையில் விழிக்காமல் உறங்கினேன். வெல்க்ரோவுக்கடியில் ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். தகடில்லாத மீள்துணி உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மணிக்கட்டு மடங்குவதைத் தடுப்பதில்லை.

ஆறு வாரம் கட்டியும் குறையாவிட்டாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, பொருள்கள் கை நழுவினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பில் மின்சைகை எப்படிச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையுடன் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்வார்கள். இரு கைகளும் மரத்து, நடையும் தள்ளாடினால் கழுத்துத் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம் என்பதால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: சுண்டுவிரல் மரப்புக்கும் இதே பட்டையைக் கட்டிப் பலனில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதற்கு மணிக்கட்டை விட்டுவிட்டு, முழங்கை முற்றிலும் மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுங்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையக்கூடும் என்பதால், பாதங்களும் மரத்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி அந்த அளவைப் பாருங்கள்.