உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் வரலாற்றை நீங்களே எழுதலாம்

குளித்தலைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, கிளை நூலகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் தொகுதியில் இருந்த எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவருக்கும் நாலு பக்கம் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனை முறை வென்றார், எந்தக் கட்சி, மந்திரியாக இருந்தாரா, அவ்வளவுதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, வெல்லாத வருடங்களில் என்ன செய்தார்?" என்று கேட்பேன். ஒருவருடைய அரசியல் வாழ்க்கை பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பழகுவதற்குக் கலைஞர் கருணாநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதன்முதலில் வென்றது எங்கள் குளித்தலையில், 1957இல். அப்போது வயது 33கூட நிறையவில்லை. அவரைப் பற்றிய தகவல்களைச் சரிபார்ப்பதும் எளிது. ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, தேர்தல் வருடத்தையும் தொகுதியையும் வரிசையாக எழுதுங்கள். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணா நகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். மொத்தம் 13 வெற்றி. இதற்கு வேண்டிய விவரம் முழுக்கத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் கிடைக்கும். 1951-52 தேர்தல் முதல் எல்லா அறிக்கையும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அறிக்கையில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். 1957 பட்டியலில் கருணாநிதி பெயருக்கு நேரே சுயேச்சை என்று இருக்கும். எங்கள் முதல் வரைவில் நானும் அப்படியே எழுதிவிட்டேன். டீக்கடையில் அதைப் படித்துப் பார்த்த ஒரு பெரியவர், "சுயேச்சையா? கட்சிக் கொடி பிடிச்சுக்கிட்டுத்தானே ஊர் ஊரா நடந்தோம்!" என்று கோபப்பட்டார். அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தேர்தலின்போது தி.மு.க.வுக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரமும் உதயசூரியன் சின்னமும் 1958இல்தான் கிடைத்தன. அதனால் பதிவேட்டில் இருப்பது ஒன்று, ஊரில் நடந்தது வேறொன்று. இரண்டையும் எழுதி, ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு வரி சேருங்கள்.

அப்புறம் இடைவெளிக்கு வாருங்கள். கலைஞர் பட்டியலில் 1984ஐக் காணோம். தோற்றுவிட்டார் என்று பிள்ளைகள் உடனே எழுதிவிடுவார்கள். அவர் தோற்கவில்லை, போட்டியிடவே இல்லை. இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983இல் அவரும் பேராசிரியர் அன்பழகனும் சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார்கள். பிறகு கலைஞர், அப்போது சட்டமன்றத்துக்கு மேலே இரண்டாவது அவையாக இருந்த மேலவையில் உறுப்பினரானார். 1986 நவம்பர் 1இல் மேலவையே இல்லாமல் போனது. சட்டமன்றத் தேர்தல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. உங்கள் எம்.எல்.ஏ. 1986க்கு முந்தையவர் என்றால் மேலவைப் பட்டியலையும் கட்டாயம் பாருங்கள். இடைத்தேர்தலும் இதே மாதிரிதான். பொதுத்தேர்தல் அறிக்கையில் அது வராது, தனியாகத் தேட வேண்டும். 2018 ஆகஸ்ட் 7இல் கலைஞர் மறைந்தபோது காலியான திருவாரூருக்கு 2019இல்தான் தேர்தல் நடந்தது.

எத்தனை வருடம் பதவியில் இருந்தார் என்று கணக்குப் போடும்போது ஒரு தேர்தலுக்கு ஐந்து வருடம் என்று பெருக்கிவிடக் கூடாது. 1977இல் வந்த சட்டமன்றம் 1980 பிப்ரவரியிலேயே கலைக்கப்பட்டது. 1989இல் வந்தது 1991 ஜனவரி 30இல் கலைந்தது. 1991இல் துறைமுகத்தில் வென்ற கலைஞர், சில நாளிலேயே அந்தப் பதவியையும் விட்டுவிட்டார்.

வாக்கு வித்தியாசத்தைத் தனி வரிசையாக எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரிசை அதுதான். 1980 அண்ணா நகரில் 699. 1991 துறைமுகத்தில் 890. 2016 திருவாரூரில் 68,366. எல்லாமே வெற்றி என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், 699 வாக்கில் தப்பித்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. பதிவான மொத்த வாக்கில் அது எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள், ஏனென்றால் வாக்காளர் எண்ணிக்கை தேர்தலுக்குத் தேர்தல் மாறிக்கொண்டே இருக்கிறது. தொகுதி எல்லையும் மாறுகிறது. 2011 தேர்தல் புது எல்லைகளோடு நடந்தது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன், உங்கள் ஊராட்சி அப்போது எந்தத் தொகுதியில் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சபையில் என்ன பேசினார் என்பதற்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள்தான் ஆதாரம். கேள்வி நேரத்தையும், ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சபையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தையும் முதலில் பாருங்கள், தொகுதிப் பிரச்சினை அங்கேதான் வரும். கலைஞரின் முதல் பேச்சு எங்கள் பக்கத்து நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது. அரசின் செலவுகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு இவற்றில் இருந்தாரா என்றும் பாருங்கள். மந்திரியாகாத எம்.எல்.ஏ.வின் உழைப்பு அங்கே ஒளிந்திருக்கும். பழைய செய்தித்தாளுக்குச் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், எந்தத் தேதி வேண்டும் என்று முன்பே எழுதி எடுத்துப் போங்கள்.

சொத்து, வழக்கு, படிப்பு விவரத்துக்கு வேட்பாளர் வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. இது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நடைமுறை என்பதால் நம் சட்டமன்றத்துக்கு 2006 தேர்தலிலிருந்துதான் வரிசையாகக் கிடைக்கும்.

இனி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பேருந்து நிழற்குடை, ரேஷன் கடை, நீர்த்தேக்கத் தொட்டி எதுவானாலும் சுவரில் ஒரு கல்வெட்டோ பெயின்ட் எழுத்தோ இருக்கும். தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, மதிப்பீடு, எம்.எல்.ஏ. பெயர் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஊர் நிழற்குடை ஒன்றில் மூன்று முறை வெள்ளையடித்ததில் எழுத்து மங்கிப்போயிருந்தது. ஒரு பையன் ஈரத்துணியால் துடைத்து, சாய்வாகக் கைப்பேசி வெளிச்சம் அடித்தான். ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. எழுத்தே இல்லையென்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "செய்த பணிகள் என்ன" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நிதியாண்டு, எந்த ஊராட்சி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது வருடத்தைக் கேட்காதீர்கள், வீட்டு நடப்பைக் கேளுங்கள். ஒரு அம்மா, "எம்.எல்.ஏ. எங்க தெருவுக்கு வந்தப்ப என் மூத்தவன் இடுப்புல இருந்தான்" என்றார். மூத்தவருடைய ரேஷன் அட்டையில் வயது இருந்தது, வருடம் கிடைத்துவிட்டது. அவர் சொன்னதைத் திருத்தாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள். பதிவேட்டோடு முரண்பட்டால் அதைப் பக்கத்தில் குறியுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதி அந்த எம்.எல்.ஏ. வீட்டாருக்கு, ஒன்று அவரிடம் தோற்றவர் வீட்டாருக்கு. திருத்தம் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். அதன் பிறகு நூலகத்தில் வையுங்கள்.