ஐஸ் ஹாக்கி என்ஃபோர்சர்: குத்தை விடப் பிடி முக்கியம்

சுருக்கமாகச் சொன்னால் என்ஃபோர்சர் என்பவர் அணியின் அடியாள். அணியின் முக்கிய ஆட்டக்காரர் மேல் யாராவது முழங்கையை ஏற்றினால், அடுத்த ஷிஃப்டில் (பனியில் இறங்கும் அடுத்த முறை) போய்க் கணக்குக் கேட்பவர். 1980-களில் கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் நட்சத்திர ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்குக் காவலாக டேவ் செமெங்கோவும் மார்ட்டி மெக்சார்லியும் இருந்தார்கள். 1988-இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குப் போனபோது மெக்சார்லியும் அதே பேரத்தில் சேர்ந்து போனார்.

அந்த வேலை இன்று அப்படியே கிடைக்காது. ஒரு ஆட்டத்தில் இறங்குவது 18 ஸ்கேட்டர்களும் இரண்டு கோல்கீப்பர்களும்தான். 2005-06 சீசனில் வட அமெரிக்காவின் உச்ச லீகான என்எச்எல்லில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது, ஆட்டத்தின் வேகமும் கூடியது. நாலு நிமிடம் ஆடி ஒரு சண்டை போடுவதற்கென்று ஒருவரை வைத்திருப்பது அணிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி ஸ்கேட்டிங்குக்கே போக வேண்டும். மாறி மாறி இறங்கும் முன்கள வரிசைகளில் கடைசியான நான்காவதில் இறங்கி, எதிரணியின் தடுப்பாட்டக்காரர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) மட்டையில் எடுப்பதற்குள் அவரை நெருங்க வேண்டும். நம் பகுதியில் மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் வரும் பக்கைத் தொலைக்காமல் வெளியே அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் வராதவரை, எவ்வளவு பலமாகக் குத்தினாலும் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து இறக்க மாட்டார்.

எங்கிருந்து தொடங்குவது

வழக்கமான ஏணி இது: இளைஞர்களுக்கான கனடாவின் மேஜர் ஜூனியர் லீகுகள், பிறகு ஈசிஎச்எல், ஏஎச்எல் என்ற கீழ்நிலைத் தொழில்முறை லீகுகள், கடைசியாக என்எச்எல். ஒவ்வொரு படியிலும் சண்டைக்கான விலை வேறு. கியூபெக் ஜூனியர் லீகில் 2023-24 முதல் சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் வெளியேற்றத்தோடு அடுத்த ஆட்டத்துக்கும் தடை. ஏஎச்எல்லில் ஒரு சீசனில் சண்டைகளின் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் ஆட்டத் தடை தொடங்கிவிடும். அதனால் எண்ணிக்கையைச் சேர்த்துப் பெயர் வாங்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. 1974-75-இல் பிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸின் டேவ் ஷுல்ட்ஸ் ஒரே சீசனில் 472 பெனால்டி நிமிடங்கள் (தண்டனையாக வெளியே உட்காரும் நேரம்) சேர்த்தார். அந்தச் சாதனையை இனி யாரும் தொடப்போவதில்லை.

என்எச்எல்லுக்கும் ஏஎச்எல்லுக்கும் இடையே போய்வரும் ஆட்டக்காரர் என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் இருக்கும். என்எச்எல்லில் 2023-24 முதல் 2025-26 வரை குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7,75,000 டாலர். ஏஎச்எல் சம்பளம் அதில் சிறு பங்கு. கையெழுத்திடும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சீசனின் பெரும்பகுதியை அந்தச் சம்பளத்தில் ஓட்ட வேண்டி வரலாம்.

விதி தெரியாமல் கையுறையைக் கழற்றாதீர்கள்

என்எச்எல்லில் சண்டைக்கு 5 நிமிட மேஜர் பெனால்டி. இருவரும் சேர்ந்தே பெனால்டி பாக்ஸுக்குள் (தண்டனை நேரம் உட்காரும் இடம்) போவதால் பனியில் ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு மாறாது; அணிக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வருவது சண்டையைத் தொடங்கியவர் என்று நடுவர் உங்களைக் குறித்துக்கொள்ளும்போது: கூடுதலாக 2 நிமிடம், 10 நிமிட மிஸ்காண்டக்ட் (அவர் மட்டும் வெளியே, அணிக்கு ஆள் குறையாது). அந்த 2 நிமிடம் எதிரணிக்குப் பவர் பிளே, அதாவது ஒரு ஆள் கூடுதலாக ஆடும் வாய்ப்பு. கடைசி 5 நிமிடத்தில் இதைச் செய்தால் அடுத்த ஆட்டம் போச்சு. பயிற்சியாளருக்கும் 10,000 டாலர் அபராதம்.

இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கையில் மூன்றாவது ஆளாக நுழைந்தால் வெளியேற்றம். பெஞ்சிலிருந்து குதித்துப் போய்ச் சண்டை தொடங்கினால் 10 ஆட்டத் தடை. மணிக்கட்டுக்குக் கீழே கையில் டேப் சுற்றியிருந்து, அந்தக் கை எதிராளியைக் கிழித்தாலோ காயப்படுத்தினாலோ மேட்ச் பெனால்டி, அதாவது ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். ஜெர்சியின் முதுகுப்புறம் உள்ளே இருக்கும் பட்டையைக் கால்சட்டையோடு மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் விட்டு ஜெர்சி கழன்று வந்தால் வெளியேற்றம். ஒவ்வொரு பீரியடுக்கு முன்பும் அந்தப் பட்டையை இழுத்துப் பாருங்கள்.

சண்டைக்கு முன் ஹெல்மெட்டைத் தானே கழற்றினால் 2 நிமிடம்; 2013-14-இல் வந்த விதி. வந்த புதிதில் நியூ ஜெர்சி டெவில்ஸ், நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிகளைச் சேர்ந்த இருவர், மரியாதையாக ஒருவர் ஹெல்மெட்டை இன்னொருவர் கழற்றிவிட்டு அடித்துக்கொண்டார்கள். வேடிக்கைதான், ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் சீனியர் லீகில் டான் சாண்டர்சன் என்ற 21 வயது ஆட்டக்காரரின் ஹெல்மெட் சண்டையில் கழன்று, தலை பனியில் மோதியது. அடுத்த மாதம் இறந்துபோனார்.

எப்போது, யாரோடு

முதலில் கேட்க வேண்டும். "போலாமா?" என்ற ஒரு சொல் போதும். எதிராளி தலையசைக்கும் முன் நீங்கள் கை வைத்தால் தொடங்கியவர் நீங்கள்தான். இரண்டு கோல் முன்னணியில் இருக்கும்போது அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். ஆட்டத்தின் போக்கைத் திருப்பத்தான் அவர் வருகிறார், நீங்கள் ஏன் உதவ வேண்டும்? ஷிஃப்ட் தொடங்கி 40 விநாடி கடந்து கால் கனக்கும் நேரத்திலும் வேண்டாம். எதிராளி அந்த நிலையில் இருந்தால் அவரை விட்டுவிடுவது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். விதிக்குட்பட்ட நல்ல மோதலுக்கெல்லாம் சண்டை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது வீண்வேலை, பவர் பிளேயைத் தானம் செய்வதில்தான் முடியும்.

பிடி

தரையில் குத்துபவருக்குப் பாதம் ஊன்ற இடமிருக்கும். பனியில் வலது கையை வீசினால் உங்கள் ஸ்கேட்டே பின்னால் வழுக்கும். குத்தில் பாதி பலம் அதில் போய்விடும். அதை ஈடுகட்டுவது இடது கை. எதிராளியை நம் பக்கம் இழுத்துக்கொண்டே குத்த வேண்டும். இழுப்பும் குத்தும் ஒரே நொடியில் நடந்தால்தான் கால் நிற்கும்.

வலக்கைக்காரர் என்றால் எதிராளியின் வலது கைச் சட்டையை, முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில், துணியை ஒரு முறுக்கு முறுக்கிப் பிடியுங்கள். மணிக்கட்டுப் பக்கம் பிடித்தால் அவர் கையை உருவிக்கொள்வார். கழுத்துப் பட்டையைப் பிடித்தால் தூரத்தில் நிறுத்தலாம், ஆனால் அவருடைய வலது கை சுதந்திரமாக இருக்கும். ஸ்கேட்டுகள் தோளை விடச் சற்று அகலமாக, முட்டி மடங்கி, உள்விளிம்பில் நிற்கட்டும். தாடையை இடது தோளில் பொதிந்துகொள்ளுங்கள். குத்துகள் குட்டையாக இருக்கட்டும். பெரிதாகச் சுழற்றி வீசுவது பெரும்பாலும் ஹெல்மெட்டில்தான் விழும். உடைவது உங்கள் விரல் முட்டி.

ஆபத்து அதிகம் விழும்போதுதான். 2013 அக்டோபரில் டொரொன்டோவின் கோல்ட்டன் ஆர் சரிந்தபோது, மான்ட்ரியலின் ஜார்ஜ் பாரோஸும் கூடவே இழுபட்டு முகம் பனியில் மோத விழுந்தார். ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே போனார். (அவர்தான் 2017 முதல் என்எச்எல்லின் ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறைக்குத் தலைவர்.) எதிராளியின் முட்டி மடங்குவது தெரிந்ததும் குத்துவதை நிறுத்தி, குத்திய கையைக் கீழே ஊன்றத் தயாராக வைத்திருங்கள். விழுந்தவரைக் குத்தக் கூடாது. சண்டையை விலக்கும் துணை நடுவரான லைன்ஸ்மேனின் கை நடுவில் வந்ததும் பிடியை விட்டுவிட வேண்டும்.

முதலில் சோர்வது குத்தும் கையல்ல, பிடித்த கையின் முன்கை. கம்பியில் துண்டைப் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்து 30 விநாடி தொங்குங்கள், நான்கு முறை. பனியில் துணையோடு குத்தில்லாமல் பிடிக்காக மட்டும் 20 விநாடி மல்லுக்கட்டுவது அதை விடப் பலன் தரும்.

அதற்குப் பிறகு

பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்ததும் கையை ஐஸில் வையுங்கள். விரல் முட்டியில் எதிராளியின் பல் கிழித்த காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள் போனால் கை வீங்கிச் சீழ் பிடிக்கும். சுண்டுவிரலுக்குக் கீழே வலி குறையவில்லை என்றால் எக்ஸ்ரே.

தலைவலி, வெளிச்சம் கூசுவது, ஒரு நொடி எதுவும் நினைவில்லாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். அன்று திரும்ப இறங்கக் கூடாது. பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும், ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். என்எச்எல் என்ஃபோர்சர் டெரெக் போகார்ட் 2011 மே மாதத்தில், 28 வயதில், மதுவும் ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையும் கலந்து உட்கொண்டதில் இறந்தார். அவர் மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது பிறகு தெரியவந்தது. வலி மாத்திரை வேண்டியிருந்தால் ஒரே மருத்துவரிடம் வாங்குங்கள். எத்தனை, எத்தனை நாளுக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும். அணி மாறும்போது அந்தச் சீட்டையும் மூளை அதிர்ச்சிப் பதிவுகளின் நகலையும் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.