தேடலில் அகப்படாத புனைபெயர்

குடமுருட்டி ஆற்றங்கரையில் குறுவை நடவின்போது நிகழும் என் காதல் குறுநாவலைப் போட்டிக்கு அனுப்பியபோது, எழுதியவர் பெயர் பிரதிக்குள் இருக்கக் கூடாது என்ற விதியைச் சுட்டி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அத்தியாய முடிவுகளில் இட்டிருந்த புனைபெயரை முன்பே தேடி நீக்கியிருந்தேன். மீண்டும் தேடினாலும் ஓரிடத்திலும் இல்லை என்றே கணினி காட்டியது.

கோப்பின் பண்புகளையும் பக்கத் தலைப்பையும் துடைத்துப் பார்த்ததில் 3 நாள்கள் வீணாயின. பிறகு கண்ணால் படித்தபோதுதான், பழைய அத்தியாயங்களில் பெயர் அப்படியே இருப்பதைக் கண்டேன்.

என் புனைபெயர் 'பொ' என்று தொடங்குகிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய அந்த அத்தியாயங்களில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருந்தன. இப்போது நான் தட்டச்சு செய்வதில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. பார்வைக்குப் பழையதும் புதியதும் ஒன்றே; என் கணினியின் தேடலுக்கோ வெவ்வேறு. 'பொ'வை அடுத்து நின்று பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால், பழையதில் கால் மட்டும் நீங்கி 'பெ' எஞ்சும். புதியதில் 'ப' எஞ்சும்.

பெயரைத் தட்டச்சு செய்யாமல், பழைய அத்தியாயத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். 11 இடங்கள் அகப்பட்டன. மூன்றாம் முறை பிரதியை ஏற்றுக்கொண்டார்கள்; நிம்மதியாக இருந்தது.