டேனரித் தொழிலாளியின் வாழ்க்கையைக் கேட்டு எழுதுவது எப்படி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் ஏற்றுமதிக் கணக்கு ஏடுகளில் கிடைத்துவிடும். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அந்தத் தோலோடு சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் நாட்களோ அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பெரியவர் இருந்தால், தள்ளிப்போடாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

"வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று தொடங்கினால், "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "தாத்தா, காலையில ஷெட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன வேலை செய்வீங்க?" என்று தொடங்குங்கள். தோலை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, மயிர் களைவது, சதை சீவுவது, பட்டைத் தண்ணீரில் போடுவது என்று வேலையின் வரிசையிலேயே போனால், கூலி நாள் கணக்கா தோல் கணக்கா, கையுறை கொடுத்தார்களா என்பதெல்லாம் தானாகவே வந்துவிடும். நான் கேட்ட ஒருவர் பதில் சொல்லாமல் கையை விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் சுண்ணாம்பு அரித்த இடங்கள் தழும்பாக நின்றிருந்தன. குழம்பின் காரம் பட்டால் எரியும் என்பதால், அந்த நாட்களில் மனைவிதான் சோறு ஊட்டுவாராம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தையும், குரோம் உப்பு என்னும் இரசாயனத்தோடு தோல் டிரம்மில் சுழன்ற காலத்தையும் பிரித்துக் கேளுங்கள். கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. அந்தச் சமயத்தில் இவர் வேலை செய்த இடம் மூடிக் கிடந்ததா, மூடிய நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது, குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பவற்றை விடாமல் கேட்க வேண்டும். தீர்ப்பைப் பற்றிய பேச்சில் தொழிலாளியின் வீடு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஷூ கம்பெனிக்குப் போன பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கழிப்பறை, மேற்பார்வையாளரின் பேச்சு ஆகியவற்றை வீட்டு ஆண்களின் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

ஆண்டு நினைவில்லை என்றால், எம்.ஜி.ஆர். இறந்ததற்கு (1987) முன்பா, வட ஆற்காடு மாவட்டம் பிரிந்ததற்கு (1989) பின்பா என்று கேட்டுக் குறியுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளக் கவர் கிடைத்தால் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். மகன் இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறார் என்றால், பெயரையும் கம்பெனியையும் நீக்கிவிடுங்கள்.