ஜப்பான் நகரங்களில் எதைப் பார்ப்பது: திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் எழுதுவார்கள். அதை நாளுக்கு நான்கைந்து இடம் என்று பிரித்துவிட்டால் திட்டம் தயார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் மூன்று விவரம் வேண்டும்: எப்போது திறந்து எப்போது மூடுகிறார்கள், எந்தக் கிழமை விடுமுறை, ஊரின் எந்தத் திசையில் இருக்கிறது. இவற்றை எழுதிப் பார்த்த உடனே பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

கியோட்டோவில் இது நன்றாகத் தெரியும். ஃபுஷிமி இனாரி கோயில் தென்கிழக்கில் இருக்கிறது. அராஷியாமா மூங்கில் தோப்பு மேற்கு எல்லையில். பொற்கோயிலான கின்காகுஜி வடமேற்கில், கியோமிசுதேரா கோயில் கிழக்கு மலைச்சரிவில். நான்கையும் ஒரே நாளில் வைத்தால் நாளின் பெரும்பகுதி பேருந்தில் போய்விடும். கின்காகுஜிக்கு அருகில் ரயில் நிலையம் இல்லை. அங்கே போகும் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைக்காத நேரங்கள் உண்டு. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டைத் தேடாதீர்கள், அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்து 1,100 யென் சீட்டு.

திசைப்படி பிரித்தால் வேலை சுலபம். கியோமிசுதேரா காலை 6 மணிக்கே திறக்கிறது. அங்கே தொடங்கி சன்னென்சாகா, நினென்சாகா படித்தெருக்கள் வழியாக யாசாகா கோயில் வரை நடந்தே இறங்கிவிடலாம். ஃபுஷிமி இனாரிக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. 24 மணி நேரமும் போகலாம். காலை 7 மணிக்கு முன் போங்கள். அப்படி முடியாவிட்டால், சிவப்பு வாயில்கள் நெருக்கமாக நிற்கும் ஆரம்பப் பகுதியோடு திரும்பாமல் மலையின் பாதி உயரத்தில் உள்ள யோத்சுத்சுஜி சந்திப்பு வரையாவது ஏறுங்கள். பெரும்பாலானவர்கள் கீழேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதால் மேலே போகப் போகக் கூட்டம் குறையும். உச்சி வரை போய்வர 2 முதல் 3 மணி நேரம் ஆகும். இந்தக் கோயிலும் நாரா நகரமும் ஒரே ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதையில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்ப்பது நல்ல கணக்கு. ஒன்றில் மட்டும் கவனம்: விரைவு ரயில் இனாரி நிலையத்தில் நிற்காது. கியோட்டோவிலிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலில்தான் ஏற வேண்டும்.

அடுத்த தவறு மாலை நேரத்தைப் பற்றியது. கியோட்டோக் கோயில்களில் பலவும் மாலை 5 மணிக்குள் மூடிவிடும். அதற்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்துவார்கள். நிஷிகி சந்தையிலும் பெரும்பாலான கடைகள் மாலை 5, 6 மணிக்குள் கதவைச் சாத்திவிடும், ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு அதை நம்பிப் போகக் கூடாது. டிசம்பரில் டோக்கியோவில் மாலை 4.30-க்கே சூரியன் மறைகிறது. கோயில், தோட்டம், கோட்டை எல்லாம் பகலுக்கு. வணிகத் தெருக்கள், காட்சி மாடங்கள், ஆற்றங்கரை நடை எல்லாம் இரவுக்கு. கியோட்டோவின் கெய்ஷா பகுதியான கியோனுக்கு இரவில் போகிறவர்கள் பெரிய தெருவோடு நிற்பது நல்லது. அங்குள்ள தனியார் சந்துகளில் பயணிகள் நுழைய 2024-லிருந்து தடை. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

கிழமை விஷயத்தில் ஏமாறுவது அருங்காட்சியகங்களில்தான். டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் உட்பட பல இடங்களுக்குத் திங்கள் விடுமுறை. திங்கட்கிழமை அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்துவைத்து மறுநாள் மூடுவார்கள். இது தெரியாமல் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். டோக்கியோவில் ஸுகிஜியின் மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் இருப்பது வெளிச்சந்தை. அது காலைக்கான இடம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் சில புதன்கிழமைகளிலும் பெரும்பாலான கடைகள் இருக்காது.

முன்பதிவு இல்லாமல் போகவே முடியாத இடங்களும் உண்டு. டோக்கியோவின் மேற்கே மிதாகாவிலுள்ள, அனிமேஷன் பட நிறுவனமான ஜிப்ளியின் அருங்காட்சியகத்துக்கு வாசலில் சீட்டு கிடையாது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்கு அடுத்த மாதச் சீட்டுகள் விற்பனைக்கு வரும். இந்திய நேரத்தில் அது காலை 6.30. கியோட்டோவுக்குத் தெற்கே ஊஜியில் 2024-இல் திறந்த, வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் அருங்காட்சியகத்துக்கு மூன்று மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும்.

கோட்டையைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒசாகா கோட்டையின் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்டும் கண்காட்சிக் கூடமும்தான். பழைய மரக்கட்டுமானத்தைக் காண விரும்பினால் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலான ஷின்கான்சென்னில் அரை மணி தூரத்தில் ஹிமேஜி கோட்டை இருக்கிறது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, ஏணி போல நிமிர்ந்து நிற்கும் மரப்படிகளில் ஆறு தளம் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துக்கொண்டு போனால் வெளிமுற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கோட்டையின் அழகு வெளியிலிருந்தே முழுதாகத் தெரியும். நகோயா கோட்டையின் கோபுரத்துக்குள் 2018 முதல் யாரையும் விடுவதில்லை.

ஹிரோஷிமாவுக்குப் போகிறவர்கள் மியாஜிமா தீவையும் சேர்ப்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது ரயில் நேரத்தைவிட முக்கியமாகக் கடலின் நேரம். தீவின் சுற்றுலாச் சங்கம் வெளியிடும் அட்டவணையில் கடல்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் நேரத்தில் இத்சுகுஷிமா கோயிலின் பெரிய வாயில் தண்ணீரில் மிதப்பது போலத் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் ஈரமணலில் நடந்து அதன் தூணருகே போகலாம். இடைப்பட்ட நேரத்தில் இரண்டும் கிடைக்காது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் அதிகம். அட்டவணையைப் பார்த்து முதலில் தீவுக்கான நேரத்தைக் குறித்துவிட்டு, மீதியில் ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தை வையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கடல் பாதி வற்றிய நேரத்தில் போய் நிற்கிறார்கள்.

ரயில் பாஸ் வாங்கிவிட்டு அதற்காக ஊர்களைச் சேர்ப்பதும் வேண்டாம். 7 நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர ஏறத்தாழ 28,000 யென்தான். பாஸ் காசை ஈடுகட்ட ஹிரோஷிமா, கனசாவா என்று நீட்டினால் ஒவ்வொரு ஊர் மாற்றமும் பெட்டி கட்டுவது, அறை மாறுவது என்று அரை நாளை விழுங்கும். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ-ஒசாகா ஷின்கான்சென்னில் அதற்கான இருக்கையை முன்கூட்டியே பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சிலவற்றுக்கு மாதத்தையும் பார்க்க வேண்டும். பெரிய சுமோ மல்யுத்தப் போட்டி ஒற்றைப்படை மாதங்களில் மட்டும், 15 நாட்கள்: ஜனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோ, மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. ஃபூஜி மலைக்கோ தேதியை முன்பே பூட்டி வைக்க முடியாது. கோடையில் பல நாட்கள் மேகம் மூடியே இருக்கும். குளிர்காலக் காலைகளில்தான் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். டோக்கியோவில் ஒரு நாளை முடிவு செய்யாமல் விட்டு வையுங்கள். முந்தின இரவு வானிலையைப் பார்த்து, தெளிவாக இருந்தால் ஃபூஜி அடிவாரத்திலுள்ள கவாகுச்சி ஏரிக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் டோக்கியோவின் உயேனோ பகுதியிலுள்ள அருங்காட்சியகங்களுக்குப் போங்கள். அந்த நாள் மட்டும் திங்களாக இருக்க வேண்டாம்.