குட்டி யானையில் பைக் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு மாற்றினாலும் சரி, பைக் நடுவழியில் நின்றுபோனாலும் சரி, நாம் முதலில் தேடுவது குட்டி யானையைத்தான். டாடா ஏஸ் என்ற பெயரைவிட அதுதான் எல்லோர் வாயிலும் வரும். வண்டி நல்ல வண்டி. ஆனால் அதில் பைக்கைக் கட்டும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று எல்லோரும் இழுத்துப் பார்க்கிறார்கள். பைக்கின் ஷாக் அப்சார்பர், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் பாகம், அமுங்கியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல சேதங்களுக்கு இதுதான் காரணம். நின்றிருக்கும்போது கயிறு விறைப்பாகத்தான் தெரியும். முதல் வேகத்தடையில் முன் ஷாக் ஓர் அங்குலம் அமுங்கும். அந்த நொடியில் கயிறு தொளதொளத்துவிடும். கொக்கி கழன்றுகொள்ள அது போதும். அதனால் கட்டும்போதே ஒருவர் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிக்க, முன் ஷாக் பாதியளவு அமுங்கிய நிலையில் இரண்டு பக்கமும் சமமாக இறுக்க வேண்டும். அதற்காக முழுசாக அமுக்கிவிடக் கூடாது, உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கெட்டுப்போகலாம்.

எங்கே கட்டுவது? ஹேண்டில்பார் நுனியில் வேண்டாம், அது வளையும், கிளட்ச் கேபிளும் நசுங்கும். கண்ணாடி, இண்டிகேட்டர் பக்கம் போகவே கூடாது. ஹெட்லைட்டுக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பாகம்தான் சரியான இடம். அங்கிருந்து லாஷிங் பெல்ட்டை, அதாவது சரக்கை இறுக்கிக் கட்டும் பட்டையை, சாய்வாக முன்னோக்கி இழுத்து வண்டித் தளத்தின் இரு மூலைகளில் மாட்டுங்கள். முன் சக்கரம் கேபின் பக்கச் சுவரில் முட்டி நிற்கட்டும். பின்பக்கம் துள்ளாமல் இருக்க இன்னும் இரண்டு பெல்ட். நைலான் கயிறுதான் இருக்கிறது என்றால் சூடான சைலன்சரில் படாமல் பாருங்கள், உருகிவிடும். உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றலாம்.

ஸ்டாண்டு விஷயத்துக்கு வருவோம். என் மைத்துனரின் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ ஒருமுறை சைடு ஸ்டாண்டு போட்டு, அந்தப் பக்கமே இழுத்துக் கட்டி அனுப்பினார்கள். 195 கிலோ எடையும் கயிற்றின் இழுப்பும் ஒரே காலில். போய்ச் சேர்ந்தபோது ஸ்டாண்டு வளைந்திருந்தது, தளத் தகட்டில் விரல் நுழையும் அளவுக்குக் குழி. டபுள் ஸ்டாண்டும் உதவாது. டிரைவர் பிரேக் அடித்தால் பைக் முன்னால் நகரும், ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும். ஸ்டாண்டுகளை மடக்கி, முதல் கியரில் போட்டு, நேராக நிறுத்திக் கட்டுவதே சரி.

இதைவிடப் பயமான பழக்கம் ஒன்று உண்டு. கட்டாமலே விட்டு, "நான் பிடிச்சுக்கிறேண்ணே" என்று ஒரு பையனைப் பின்னால் நிற்க வைப்பது. சாயும் பைக்கை ஓடும் வண்டியில் யாராலும் நிமிர்த்த முடியாது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

ஏற்றும்போது சாய்த்து வைத்த பலகையில் பைக்கை ஓட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான். பாதி வழியில் எஞ்சின் நின்றால் கால் தரையைத் தேடும். பலகையின் அகலம் ஓரடி, பக்கத்தில் தரையே இருக்காது. இறங்கி நின்று, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தள்ளுங்கள். இரண்டரை அடி உயரத்துக்கு 4 அடிப் பலகை செங்குத்தாக நிற்கும். 8 அடி இருந்தால் நிம்மதி. பலகையே இல்லையா? சாலையோர மேட்டில் குட்டி யானையைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

தளத்தின் நீளம் ஏறக்குறைய 7 அடி. புல்லட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தான், கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கும். இரண்டு பைக் ஏற்றினால் ஒன்றை முன்பார்த்தும் மற்றதைப் பின்பார்த்தும் நிறுத்துங்கள், ஹேண்டில்பார்கள் முட்டாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூட மறக்க வேண்டாம்.

கிளம்பி 10 கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அப்புறம், இறக்கும்போது ஒரு பக்க பெல்ட்டைச் சட்டென்று விடுவிக்காதீர்கள். அமுங்கியிருந்த ஷாக் எகிறி, கட்டிய பக்கமாகவே பைக் சாயும். அந்தப் பக்கம் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்த பிறகே முதல் பெல்ட்டில் கை வையுங்கள்.