பாலூட்டும் தாய் வைட்டமின் மாத்திரை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய் விழுங்கும் மாத்திரையிலுள்ள சத்துகள் எல்லாம் ஒரே விதமாகப் பாலில் சேரும் என்று எண்ணுவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. பி1, பி2, பி12, வைட்டமின் ஏ, அயோடின் ஆகியவை தாயின் உடலில் குறைந்தால் பாலிலும் குறையும். இரும்பு, கால்சியம், துத்தநாகம் ஆகியவற்றின் அளவையோ தாயின் உணவும் மாத்திரையும் பெரிதாக மாற்றுவதில்லை. எனவே, குழந்தைக்கு இரத்தசோகை என்றால், தாய் தன் இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டிக்கொள்வதால் பயனில்லை. மருத்துவர் சொல்லும் அளவில் குழந்தைக்கே மருந்து கொடுக்க வேண்டும். அதற்காகத் தாய் தன் மாத்திரைகளை நிறுத்திவிடவும் கூடாது. பாலில் கால்சியம் குறையாமல் இருப்பதற்கு அவருடைய எலும்பும் பங்களிக்கிறது.

வைட்டமின் டி-யில்தான் குழப்பம் அதிகம். தாய்ப்பாலில் அது இயல்பாகவே குறைவு என்பதால், தாய் எடுக்கும் வழக்கமான மாத்திரை குழந்தையின் தேவையை நிறைவு செய்யாது. குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 சர்வதேச அலகு (IU) கொண்ட சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். தாய் நாள்தோறும் 6,400 அலகு எடுத்தால் பாலின் வழியாகவே குழந்தைக்குப் போதிய அளவு கிடைக்கிறது என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது உண்மையே. ஆனால் அது வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு. மருத்துவரின் மேற்பார்வையின்றி அதைத் தாமாகவே பின்பற்றுவது முறையல்ல.

என் பார்வையில், மிகக் கவலைக்குரியது பி12 குறைபாட்டைக் கவனியாமல் விடுவதுதான். முட்டை, பால் உள்ளிட்ட விலங்குணவு எதையுமே உண்ணாத தாய் நலமாகத் தோன்றலாம். அவரிடம் அறிகுறி தெரிவதற்கு முன்பே, பாலை மட்டும் நம்பியிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்துக்கொண்டால், பி12 குறைவால் வரும் இரத்தசோகை மறைந்து, குறைபாடு கண்ணில் படாமல் போகலாம்.

இரத்தக்கசிவைத் தடுக்கக் குழந்தைக்குப் பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசிக்குத் தாயின் மாத்திரை மாற்றாகாது.

அதிகமாக எடுத்தால் நல்லது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வைட்டமின் ஏ உடலில் தேங்கக்கூடியது. கடற்பாசி மாத்திரைகளிலுள்ள மிகையான அயோடின் பாலில் சேர்ந்து, குழந்தையின் தைராய்டு சுரப்பியை மந்தப்படுத்தலாம். 'இயற்கை' என்று புட்டியில் அச்சிட்டிருப்பது இதை மாற்றாது. மாறாக, பி2 அதிகமானால் பால் சற்று மஞ்சளாகத் தெரிவதைக் கண்டு அஞ்சி, பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை.